தம்பி ஐஸ் எடுக்கிறான்: போலீஸா, கோயிலா, கிளினிக்கா?

கேள்வி

வணக்கம் டாக்டர். மலேசியா, பட்டர்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன், பெயர் வேண்டாம். என் தம்பிக்கு 27 வயது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர நைட் ஷிஃப்ட். கண் முழிப்பதற்காகத்தான் ஐஸ் என்ற போதைப்பொருளை எடுக்க ஆரம்பித்தேன் என்கிறான். இப்போது இரண்டு மூன்று நாள் தூங்காமல் நடமாடுகிறான், அப்புறம் எழுப்பினாலும் எழாமல் கிடக்கிறான். போன மாதம் எதிர்வீட்டுக்காரர் கேமரா வைத்துத் தன்னைப் பார்க்கிறார் என்று ஜன்னல் முழுக்கப் பேப்பர் ஒட்டிவிட்டான். அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. போலீஸில் பிடித்துக் கொடு என்கிறார் அப்பா. அம்மா தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி நேர்ந்திருக்கிறார். கல்யாணம் கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்பது மாமாவின் யோசனை. தெரிந்தவர் ஒருவர், ஒரு மறுவாழ்வு இல்லத்தில் ஆறு மாதம் அடைத்து வைத்தால் திருந்துவான் என்கிறார். தம்பியோ, நினைத்தால் நாளைக்கே விடுவேன், கேத்தும் இலைத் தண்ணி குடித்தால் போதும் என்கிறான். இது நோயா, திமிரா? வரவே மாட்டேன் என்பவனை எப்படிச் சிகிச்சைக்குக் கொண்டு போவது? கூட்டிப்போனால் கேஸ் ஆகிவிடுமா?

பதில்

வணக்கம்மா. முதலில் அந்த ஜன்னல் பேப்பர் விஷயத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் நீங்கள் கேட்ட மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

ஐஸ், சியாபு, எந்தப் பெயரில் சொன்னாலும் அது மெத்தம்ஃபெட்டமின்தான். அதைத் தொடர்ந்து எடுத்து, தூக்கமும் இல்லாமல் போனால், யாரோ பார்க்கிறார்கள், பின்னால் வருகிறார்கள், என்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற சந்தேகம் வரும், சிலருக்குக் குரல்களே கேட்கும். இதை நடிப்பு என்று நினைக்காதீர்கள். அவனுக்கு அந்தக் கேமரா நிஜமாகவே இருக்கிறது. அதனால் "எங்கேடா கேமரா, காட்டு" என்று வாதாடிப் பயனில்லை, ஆமாம் இருக்கிறது என்று தலையாட்டவும் வேண்டாம். "எனக்கு அது தெரியலைடா, ஆனா நீ பயந்துபோயிருக்கேன்னு தெரியுது, இங்க உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, டிவியை அணைத்து, கூட்டத்தைக் கலைத்து, கத்தி அரிவாளை எல்லாம் எடுத்து ஒளித்துவிடுங்கள், அவனைச் சுற்றி நின்று மறிக்காதீர்கள். எடுப்பதை நிறுத்தித் தூங்கினால் பெரும்பாலானவர்களுக்குச் சில நாளிலோ சில வாரத்திலோ இது அடங்கிவிடும். அடங்காதவர்களும் உண்டு, அவர்களுக்கு மனநல மருந்து தேவைப்படும்.

அவன் அந்த எதிர்வீட்டுக்காரரை அடிக்கக் கிளம்பினாலோ, சாகப்போகிறேன் என்று பேசினாலோ, நெஞ்சு வலி, வலிப்பு, உடம்பு நெருப்பாய்க் கொதிப்பது என்று ஏதாவது வந்தாலோ யோசிக்காமல் 999 அழையுங்கள், அல்லது செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அங்கே போய்க் காய்ச்சல், மயக்கம் என்று மறைக்காதீர்கள். என்ன எடுத்தான், எப்போது எடுத்தான், எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று சொன்னால்தான் டாக்டர் சரியான மருந்து கொடுக்க முடியும், நம் குடும்பங்களில் மானம் போகும் என்று மறைத்து மறைத்தே பாதி நேரம் போய்விடுகிறது.

சரி, நோயா திமிரா? நோய் என்றே சொல்வேன், ஆனால் அதை வைத்து அவன் தப்பித்துக்கொள்ளவும் விட மாட்டேன். நல்ல சாப்பாடு, சம்பள நாள், யாராவது பாராட்டுவது, இதற்கெல்லாம் மூளையில் டோபமின் என்ற ஒன்று கொஞ்சமாகச் சுரக்கும், அதுதான் மறுபடியும் அதைச் செய்யத் தூண்டுகிறது. ஐஸ் அந்த டோபமினைப் பல மடங்கு ஒரே நேரத்தில் கொட்டவைக்கும், அதுவும் பல மணி நேரத்துக்கு. மாதக்கணக்கில் இப்படியே போனால் மூளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, டோபமினுக்குத் தான் காட்டும் பதிலைக் குறைத்துக்கொள்கிறது. அப்புறம் அம்மா சமைத்த மீன் குழம்பும் ருசிக்காது, கூட்டாளிகளோடு ஃபுட்சால் விளையாடினாலும் சந்தோஷம் வராது, ஐஸ் இல்லாமல் படுக்கையை விட்டு எழுவதற்கே முடியாது. அவன் இப்போது எடுப்பது பாதி நாள் போதைக்காகவே இல்லை, சாதாரணமாக இருப்பதற்காக. முதல் தடவை எடுத்தது அவன் முடிவுதான். இப்போது நிறுத்த முடியாமல் இருப்பதை வெறும் கொழுப்பு என்று பேசினால் கணக்கு தப்பாகிவிடும். அதே சமயம் அம்மாவின் சங்கிலியை எடுத்ததற்கு அவன்தான் பொறுப்பு. நோயாளியாக இருப்பவன் கடனாளியாகவும் இருக்கலாம், அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

இந்த மாற்றம் திரும்புமா என்று அடுத்து கேட்பீர்கள். திரும்பும், மெதுவாக. 2001இல் அமெரிக்காவில் நோரா வோல்கோவின் குழு, ஐஸை விட்டு ஓராண்டுக்கு மேல் ஆன சிலரை மறுபடியும் ஸ்கேன் செய்து பார்த்தது. குறைந்துபோயிருந்த டோபமின் சம்பந்தப்பட்ட பகுதிகள் நன்றாகவே மீண்டிருந்தன, ஆனால் ஞாபகம், கை வேகம் போன்ற சோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் இல்லை. மிகச் சிறிய ஆய்வுதான், ஆனாலும் நாங்கள் கிளினிக்கில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. ஒரு மாதம் விட்டான், இன்னும் கடுகடுவென்று இருக்கிறானே என்று சலித்துக்கொள்ளும் அம்மாக்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மருந்து விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஹெரோயினுக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, மலேசியாவில் 2005லிருந்து கொடுக்கிறார்கள், அரசாங்க கிளினிக்குகளிலேயே கிடைக்கிறது, அதனால் எத்தனையோ பேர் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறார்கள். ஐஸுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இன்னும் கிடையாது. "மெத்தடோன் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று ஐஸ் எடுப்பவர்களின் வீட்டில் இருந்து வருகிறார்கள், அது வேறு பூட்டின் சாவி. கேத்தும் தண்ணியும் அதே கதைதான்: அந்த இலையில் இருக்கும் மித்ராகைனின் ஹெரோயின் வேலை செய்யும் இடத்தில்தான் போய் ஒட்டுகிறது, ஐஸின் ஏக்கத்தைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அதுவும் பழக்கமாகும், நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் விற்பதும் வாங்குவதும் பிரச்சினை, போதாததற்கு இங்கே பையன்கள் அதில் இருமல் மருந்தைக் கலந்து குடிக்கிறார்கள். தம்பி ஒரு போதையை விட இன்னொன்றைப் பிடிக்கப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

மருந்து இல்லை என்றால் சிகிச்சை இல்லை என்று அர்த்தமாகாது. ஐஸுக்கு நன்றாக வேலை செய்வது இரண்டு. ஒன்று, எந்த நேரம், எந்த ஆள், எந்த உணர்வு அவனை அதன் பக்கம் தள்ளுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வேறென்ன செய்வது என்று வாரா வாரம் பழகும் ஆலோசனை. உங்கள் தம்பிக்கு அந்த 12 மணி நேர ஷிஃப்ட் பெரிய காரணம் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. பகல் வேலைக்கு மாறாமல் அவனை அப்படியே அதே ஷிஃப்டுக்கு, அதே கூட்டத்துக்கு அனுப்பிவைத்துவிட்டு மனஉறுதி வேண்டும் என்று பேசுவது நியாயமில்லை. இன்னொன்று, சிறுநீர்ச் சோதனையில் சுத்தமாக வரும் ஒவ்வொரு தடவையும் கையோடு ஒரு சின்னப் பரிசு கொடுப்பது. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் ஐஸ், கொக்கேய்ன் போன்றவற்றுக்கு ஆய்வுகளில் நன்றாக நின்ற முறைகளில் இதுவும் ஒன்று. நம் ஊர் கிளினிக்குகளில் இதை எல்லா இடத்திலும் செய்வதில்லை, வீட்டில் நீங்கள் செய்யலாம்: சோதனை சுத்தமாக வந்த வாரம் எல்லோரும் சேர்ந்து வெளியே சாப்பிடுவது, அவன் போன் பில்லை நீங்களே நேராகக் கட்டுவது. கையில் காசு மட்டும் வேண்டாம்.

நிறுத்திய முதல் சில நாள் தூங்குவான், சாப்பிடுவான், மறுபடியும் தூங்குவான், பாவம் விட்டுவிட்டான் என்று அம்மா சந்தோஷப்படுவார். அதற்குப் பிறகு வரும் ஒன்றிரண்டு வாரம்தான் கவனிக்க வேண்டியது. மனம் அடியாழத்தில் கிடக்கும், எரிச்சல், அழுகை, எதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் கூட வரும். அந்த நாட்களில் அவனைத் தனியாக விடாதீர்கள், திட்டுவதற்கும் அது நேரமில்லை. சாகிறதைப் பற்றி நினைக்கிறாயா என்று வாய்விட்டுக் கேட்கலாம், கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் 'ஹீல்' மனநல உதவி எண் 15555 இருக்கிறது, இரவு 12 வரை எடுப்பார்கள். நடு இரவு என்றால் 999தான்.

இப்போது கேஸ் விஷயம். 1952ஆம் ஆண்டு ஆபத்தான போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி போதைப்பொருளை உடம்பில் ஏற்றிக்கொள்வதே குற்றம், 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. ரெய்டில் பிடிபட்டு, சிறுநீர் சோதனையில் மாட்டினால் நடப்பது அது. தானாகப் போய் உதவி கேட்பது வேறு கதவு. 1983ஆம் ஆண்டுப் போதைப்பொருள் அடிமைகள் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, ஒருவர் தானே மறுவாழ்வு அதிகாரியிடம் விண்ணப்பித்துச் சிகிச்சை பெற வழி செய்கிறது, ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனால் அதன் கீழ்தான் பதிவு செய்வார்கள். இப்படித் தானாக வருபவர்களுக்காகவே 2010லிருந்து அவர்கள் 'கியூர் அண்ட் கேர்' கிளினிக்குகளைத் திறந்தார்கள். வந்தவனைக் கோர்ட்டில் நிறுத்துவது அந்தப் பிரிவின் நோக்கம் இல்லை. 2024இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்துக்குத் திருத்தம் நிறைவேற்றியது, அதனால் போனதும் "இப்போது என்ன பதிவாகும், எவ்வளவு நாள் கண்காணிப்பு, யாருக்குத் தகவல் போகும்" என்று நேராகவே அதிகாரியைக் கேட்டுவிடுங்கள். அந்த அலுவலகத்துப் பெயரைக் கேட்டாலே பயமாக இருக்கிறது என்றால் முதலில் பட்டர்வொர்த் அரசாங்க கிளினிக்குக்குப் போய், மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. தம்பிக்குச் சந்தேகமும் இருப்பதால் என் ஓட்டு இந்த வழிக்குத்தான்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: ஆளையே அடிக்க வந்தால் போலீஸைக் கூப்பிடுவது சரி, அது உங்கள் பாதுகாப்பு. சிகிச்சையாக நினைத்துப் பிடித்துக் கொடுப்பது வேண்டாம். லாக்கப்பில் அவனுக்கு ஐஸ் கிடைக்காமல் போகும், அவ்வளவுதான். வெளியே வரும்போது வேலை போயிருக்கும், பதிவு ஏறியிருக்கும், பழைய கூட்டம் அங்கேயே நிற்கும். இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள், வீட்டுக்குள் பொருளை வைக்க விடவே கூடாது. 50 கிராம் மெத்தம்ஃபெட்டமின் இருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும், யாருக்காவது ஒரு பையை வாங்கி வைத்துக்கொடு என்று எவனாவது கேட்டால் அது தம்பியோடு முடியாது.

வரமாட்டேன் என்பவனை எப்படிக் கூட்டிப்போவது, உங்கள் கடிதத்தில் முக்கியமான கேள்வி இதுதான். நம்மிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: நன்றாக அடிபட்டு, எல்லாம் இழந்து, தரையில் விழுந்தால்தான் திருந்துவான், அதுவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தரையில் விழுகிறவர்களில் பலர் எழுவதில்லை. இன்னொரு பக்கம், மாமா சித்தப்பா எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வட்டமாக உட்கார்ந்து அவனை நடுவில் நிறுத்திக் கேட்பது. அதுவும் பெரும்பாலும் கதவைப் படார் என்று சாத்துவதில்தான் முடியும். ராபர்ட் மெயர்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது, அதில் நோயாளிக்குப் பதில் முதலில் குடும்பத்துக்குப் பயிற்சி. 1999இல் சிகிச்சைக்கு வர மறுத்த குடிகாரர்களின் குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வட்டமாக உட்கார்ந்து கேட்கும் முறையைக் கற்றுக்கொண்ட வீடுகளில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள், குடும்பத்தார் ஆதரவுக் குழுவுக்கு மட்டும் போன வீடுகளில் 13 சதவீதம், மெயர்ஸ் முறையில் 64 சதவீதம். பிறகு போதைப்பொருள் பழக்கத்திலும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதில் இருந்து உங்களுக்கு உடனே உதவும் இரண்டு மூன்று விஷயங்கள் சொல்கிறேன். நேரம் முதலில். அவனுக்குப் போதை ஏறி இருக்கும்போது பேசாதீர்கள், இறங்கும்போது பேசவே பேசாதீர்கள், அப்போது வாயைத் திறந்தால் சண்டைதான். அந்த நீண்ட தூக்கம் முடிந்து எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு உட்கார்ந்திருப்பான் பாருங்கள், அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. ஒரே ஓர் ஆள் பேச வேண்டும், அவன் யாரிடம் கத்தாமல் பேசுவானோ அவர். கடிதத்தைப் பார்த்தால் அது நீங்கள்தான் என்று தோன்றுகிறது. நல்லது கெட்டது எதுவும் பேசாமல் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "ஜன்னல்ல பேப்பர் ஒட்டுன அன்னைக்கு நீ நடுங்கிக்கிட்டு இருந்தேடா. எனக்கு பயமா இருந்துச்சு. தூக்கத்துக்கும் அந்த பயத்துக்கும் ஒரு டாக்டரைப் பாப்போம், நானும் வர்றேன். ஐஸை விடுறதப் பத்தி இப்ப பேச வேணாம்." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். விடுகிறேன் என்று சத்தியம் வாங்கினால் பொய் சத்தியம்தான் கிடைக்கும், தூக்கத்துக்கு மருந்து என்றால் வருவான். உள்ளே வந்தபிறகு மற்றதை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

அவன் சரி என்று சொல்லும் நாளில் நீங்கள் போன் நம்பர் தேடிக்கொண்டு இருக்கக் கூடாது, ஏனென்றால் அந்த மனசு மறுநாள் வரை நிற்காது. அதனால் இந்த வாரமே, அவன் இல்லாமல், நீங்கள் மட்டும் கிளினிக்குக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தக் கவுண்டர், யார் கையில் கடிதம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்து வையுங்கள், அவன் ஐசியை (அடையாள அட்டையை) நகல் எடுத்துக் கைப்பையில் போட்டு வையுங்கள், எந்தெந்த நாள் தூங்கவில்லை என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள், உங்கள் வேலை இடத்தில் திடீரென்று அரை நாள் லீவு எடுக்க முடியுமா என்று கேட்டு வையுங்கள். இல்லை என்று சொன்னால் சண்டை பிடிக்காமல் "சரி, அப்புறம் கேட்கிறேன்" என்று எழுந்துவிடுங்கள். நாலைந்து தடவை கேட்டும் மறுத்து, அதற்கப்புறம் வந்தவர்கள் நிறையப் பேர்.

காசு. அம்மா தினமும் 20, 30 வெள்ளி கொடுக்கிறார் என்று கடிதத்தில் இல்லை, ஆனால் கொடுக்கிறார் என்றே வைத்துக்கொள்கிறேன், எல்லா அம்மாவும் கொடுக்கிறார்கள், கொடுக்காவிட்டால் வெளியே திருடி மாட்டிக்கொள்வானோ என்ற பயம். சாப்பாடு போடுங்கள், துணி துவையுங்கள், படுக்க இடம் கொடுங்கள், கையில் நோட்டு வேண்டாம். காரோ மோட்டாரோ அவன் பெயரில் இருந்தால் சாவியை வாங்கி வையுங்கள், மூன்று நாள் தூங்காதவன் பாலத்தில் ஓட்டிப்போனால் அவனோடு போகாது. ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரனிடம் கடன் இருந்தால் ஒரு தடவை அடைத்தால் முடிந்துவிடும் என்று நம்பி அடைக்காதீர்கள், வீட்டுக்கு வந்து மிரட்டினால் போலீஸில் ரிப்போர்ட் போடுங்கள். அடகுச் சீட்டைத் தேடி எடுத்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், மீட்கும் தேதி தாண்டிவிடப் போகிறது.

மாமாவுக்கு ஒரே பதில், கல்யாணம் வேண்டாம். இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாகக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

அம்மாவின் காவடியை நான் தடுக்க மாட்டேன், தடுத்தாலும் கேட்க மாட்டார். விரத நாட்களில் தம்பி வெளியே சுற்றாமல் வீட்டில் இருப்பது, காலையில் எழுவது, கூட நாலு நல்ல ஆட்கள் இருப்பது, இதெல்லாம் உண்மையிலேயே உதவும். ஆனால் ஐஸை விட்ட புதிதில் உடம்பு தேய்ந்திருக்கும், தூக்கமும் சாப்பாடும்தான் அதற்கு வேண்டும், அந்த நேரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் வேண்டாம். கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருக்கட்டும், உடம்பு தேறியபின் தைப்பூசத்துக்கு எடுக்கட்டும்.

இல்லம் விஷயத்தில் கவனம். நல்ல இல்லங்கள் இருக்கின்றன, பழக்கத்தை விட்டு வந்தவர்களே நடத்தும் இடங்களும் உண்டு, சிலருக்கு அந்த ஊர் மாற்றமே பெரிய மருந்து. ஆனால் தனியார் மறுவாழ்வு மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், முதலில் அதைக் கேளுங்கள். டாக்டர் வருவாரா, மனநல மருந்து எடுப்பவர்களை ஏற்பார்களா, குடும்பம் வந்து தனியாகப் பேசலாமா, போகிறேன் என்றால் விடுவார்களா என்று கேளுங்கள். பூட்டு, சங்கிலி, அடி, முழுப் பணமும் முன்கூட்டியே, முதல் மூன்று மாதம் பார்க்கக் கூடாது என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். குரல் கேட்கிற ஒருவனைக் கட்டிப்போட்டால் நோய் முற்றும்.

அப்புறம் இது ஒரு தடவையில் முடியாது. இரத்த அழுத்தம், ஆஸ்துமா மாதிரி நீண்ட நாள் நோய்களில் எவ்வளவு பேர் திரும்ப விழுகிறார்களோ அதே அளவில்தான், 40லிருந்து 60 சதவீதம் வரை, போதைப் பழக்கத்திலும் விழுகிறார்கள். விழுந்தால் எல்லாம் வீணாய்ப்போச்சு என்று அப்பா கத்துவார், நீங்கள் கத்தாமல் அடுத்த நாளே அதே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள், அங்கே அதைக் கேட்டு யாரும் அதிர்ச்சி அடைய மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: கொஞ்ச நாள் விட்டிருந்து மறுபடி பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, அவனிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்குத் தூக்கம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. கிளினிக்குக்குப் போகும்போது அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிப்போங்கள், காசு கொடுக்க வேண்டாம் என்பதை மகள் சொன்னால் கேட்க மாட்டார், வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால் ஒருவேளை கேட்பார்.